மாரியப்பன் கேட்ட வளையம்

அன்று காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது போன் வந்தது. "சார், அவிய போயிட்டாவ" என்றார் மாரியப்பனின் மனைவி. பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் நான் டாக்டர்; அங்கே என்னோடு இருபது வருடம் ஈசிஜி எடுத்தவர். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தேடினேன்.

அவரிடம் ஈசிஜி எடுத்தவர்களுக்கு அந்தக் கட்டம் போட்ட நோட்டு நினைவிருக்கும். ஒரே நேரத்தில் பதிவான இரண்டு கோடுகளில் ஒன்றை இடவலமாகவும் மற்றதை மேல்கீழாகவும் அளந்து, புள்ளி வைத்து இணைப்பார். ஒரு துடிப்பு முட்டை வடிவில் ஒரு வளையமாகிவிடும். வெக்டர் கார்டியோகிராம் என்று பெரிய மிஷின்கள் செய்வதை அவர் பென்சிலால் முடிந்தவரை செய்தார். "முட்டை வியாபாரம் எப்படிய்யா போகுது?" என்று கேலி செய்வேன். "கரண்டு எம்புட்டுன்னு கோடு சொல்லும் சார். எந்தப் பக்கம் போகுதுன்னு முட்டைதான் சொல்லும்" என்பார்.

ஒருமுறை சேத்தூரிலிருந்து ஓர் அம்மா நெஞ்சுவலியென்று வந்தார். மிஷின் நார்மல் என்றது. நானும் வாயு என்றேன். மாரியப்பன் நோட்டை நீட்டினார். வளையம் கிளம்பும்போதே மேல்நோக்கிப் போயிருந்தது. இதயத்தின் கீழ்ச்சுவர் அடிபட்டிருந்தால் அப்படிப் போகும். எக்கோ பார்த்தோம். அவர் வரைந்ததே சரி. அந்த அம்மா இன்றும் பஸ் ஏறி மாத்திரை வாங்க வருகிறார்.

தன் வளையத்தை மட்டும் அவர் வரையமாட்டார். "நமக்கு நாமளே போட்டா, கை பயந்து நல்ல எடமாப் பாத்துப் புள்ளி வைக்கும்" என்பார். இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு நெஞ்சு கரிக்கிறது என்று தன் ஈசிஜியை என் மேஜையில் வைத்தார். அதிலும் நார்மல் என்றுதான் இருந்தது. "செத்த நேரம் இருந்தா ஒண்ணு போட்டுத் தாங்க சார்" என்றார். "பொறவு பாப்போம்யா" என்று டிராயரில் போட்டேன். அடுத்த வாரமும் கேட்டார். ஓ.பி.யில் கூட்டம் என்று எரிந்துவிழுந்தேன். அதன்பிறகு அவர் கேட்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டிராயரில் கிடந்த அவருடைய ஈசிஜியை எடுத்து, அவருடைய பென்சிலாலேயே, அவருடைய நோட்டின் கடைசிப் பக்கத்திலேயே வளையம் வரைந்தேன். முதல் நான்கு புள்ளிகளும் மேலே போயின. ஐயோ என்று வாய்விட்டு அழுதேன்.

மாரியப்பனை அறிந்தவர்களே, நோட்டை அவர் மனைவி என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். இப்போது சந்தேகமுள்ள எல்லோருக்கும் நான் வளையம் போடுகிறேன். மாரியப்பனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நோட்டும், அந்தப் பென்சிலும், அவருக்கு நான் கொடுக்காத பத்து நிமிடமும்தான்.