துறைமுக மேட்டில் மாமாவுக்கு ஒரு வீடு

மாமா எங்களோடு தங்கியிருந்த காலத்தில் இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்துக்கு அவர் வாயால் ஒரு நல்ல பெயர் கிடைத்ததில்லை. போர்கோ வெக்கியோ குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் துறைமுகம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். நாப்போலிக்குப் போகிற பென்னாம்பெரிய கப்பலைப் பார்த்து நான் வாயைப் பிளந்தால், "உதென்ன துறைமுகம்? சுவர் கட்டியெல்லே அலையை மறிச்சிருக்கினம். எங்கட திருகோணமலையிலை மலையே மறிச்சு நிக்குது" என்பார்.

அவர் அம்மாவின் தம்பி. "தொடங்கிட்டான்" என்று அம்மா சிரிப்பார். எனக்கோ கேட்கக் கேட்க அலுக்காது. மடக்கிய கைபோலக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு தீபகற்பம். முனையில் ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை. மடிப்புக்குள் ஒரு கடற்படையே ஒளிந்திருந்தாலும் வெளியே போகிறவனுக்குத் தெரியாது. கரையோரமே கப்பல் மிதக்கும் ஆழம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், வெள்ளைக்காரர் எல்லோரும் அதற்காகத் தங்களுக்குள் அடிபட்டார்கள் என்று மாமா சொல்லும் தோரணையைப் பார்த்தால், அவரிடம் அனுமதி கேட்டுத்தான் அடிபட்டார்கள் போலிருக்கும்.

எனக்கு எட்டு வயது. ஆளுக்கொரு கடற்கரையைத் திங்கட்கிழமை வரைந்துகொண்டு வரும்படி மயெஸ்த்ரா, எங்கள் வகுப்பு ஆசிரியை, சொன்னார். நான் மாமாவின் துறைமுகத்தைக் கொண்டுவருவதாகப் பெருமையடித்துவிட்டேன். மாமாவும் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து வரைந்தார். குடா, தீவு, கோட்டை மேடு, கரையின் ஒவ்வொரு வளைவும் அத்தனை அழகு. நிலத்தின் நடுவை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்.

"இதுக்குள்ளை என்ன இருக்கு?"

"மரங்கள்" என்று எழும்பிப் போய்விட்டார்.

சோம்பல் என்று நினைத்து நானே நிரப்பினேன். மாமரங்கள், மான்கள், மேட்டின்மேல் சிவப்புக் கூரை போட்ட ஒரு வீடு.

மாமாவுக்கு ஜெனோவாவில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை வழியனுப்பப் போனோம். கப்பலடியில் நின்று அவர் மொந்தே பெல்லெக்ரீனோ மலையைப் பார்த்துக் கைகூப்பினார். திருகோணமலையில் கோணேசர் மலையைக் கண்டதும் அவர்கள் ஊர்ப் படகில் எல்லோரும் அப்படிக் கும்பிடுவார்களாம். இங்கே மலையில் இருப்பவர் கத்தோலிக்கரின் சாந்தா ரொசாலியா மாதா என்பதை அவர் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் நான் நிரப்பிய படத்தை அவருக்குக் காட்டினேன்.

"இது ஆரின்ர வீடு?"

"உங்கட வீடு மாமா. கடல் தெரியட்டுமெண்டு மேலை கட்டினனான்."

மாமா அந்தச் சிவப்புக் கூரையை விரலால் தடவிவிட்டு, "இதை நான் கொண்டுபோகட்டோ பிள்ளை?" என்றார்.

"ஏலாது! நாளைக்கு மயெஸ்த்ராவுக்குக் குடுக்கோணும்!" நான் அழத் தொடங்கினேன். எனக்காக எவரோடும் சண்டைக்குப் போகிற அம்மா, அன்று படத்தை என் கையிலிருந்து வாங்கித் தம்பியிடம் கொடுத்தார். மறுநாள் வகுப்பில் வெறுங்கையோடு நின்றேன். மாமாமேல் வந்த கோபம் லேசில் ஆறவில்லை.

வளர்ந்தபிறகு அம்மா சொன்னார்: "அவன் அந்தத் துறைமுக மேட்டிலை காலே வைச்சதில்லை. வெள்ளைக்காரன் போக, எங்கட நேவி வேலி போட்டிட்டுது. எங்கட மூதூரிலையிருந்து லாஞ்ச் படகிலை திருகோணமலைக்குப் போகேக்கை தண்ணியிலை நிண்டு பாத்ததுதான்."

அந்த வேலிக்குள் அவருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன் என்று அன்று எனக்குத் தெரியாது. கப்பல் துறைமுகத்தை விட்டுப் போகும்வரை, என் படத்தைத் தரச்சொல்லித்தான் அழுதுகொண்டிருந்தேன்.