வெள்ளையம்மாள் மதினி குடிக்காத உப்பு

நெய்க்காரப்பட்டியில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து வாசலுக்குத் திண்டுக்கல் பஸ்ஸின் கண்டக்டர் தேடி வந்தார். என்னைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "ஏனுங்க சார், உங்க ஊரு அகரத்திலிருந்து சேதிங்க. உங்க மதினி காலையில தவறிட்டாங்களாமுங்க" என்றார். அவருடைய பஸ் திரும்பும்போது அதிலேயே ஏறினேன்.

வீட்டு வாசலை மிதிக்கும்போதே ஓர் உறவுக்காரரின் குரல் காதில் விழுந்தது. "நெஞ்சை அறுத்துக் கூட்டியாந்தாக. என்ன பிரயோசனம்? போய்ச் சேந்துட்டாள்ல?" துக்க வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. என் அண்ணன் மனைவி வெள்ளையம்மாள் அவர்களை அறிந்தவர்களும் அறியாதவர்களும் அந்தப் பிரயோசனத்தைத் தெரிந்துகொள்ளட்டும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் மதினி எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். விடிவதற்குள் பூ எடுத்துத் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு அவரே கொண்டுபோவார். ஒருமுறை தரகர் எடைக்கல் தட்டில் கட்டைவிரலை லேசாக அழுத்தினார். "அண்ணே, உங்க வெரலுக்கும் சேத்தா நான் பூப் போடணும்?" என்று மதினி கேட்ட கேள்வியில் மார்க்கெட்டே சிரித்தது. அதன் பிறகு அவர் முன்னால் அந்த விரல் தராசுப் பக்கம் வரவில்லை.

மகள் தனலட்சுமி பிறந்த சில வருஷங்களில் மதினிக்கு நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கியது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டது என்றும், நெஞ்சைத் திறந்து விரலை உள்ளே விட்டு அதை விரிக்க வேண்டும் என்றும் சென்னை டாக்டர்கள் சொன்னார்கள். அறுபது பிறந்த சமயம் அது. இதய ஆபரேஷன் என்ற பேச்சையே எங்கள் பக்கம் யாரும் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொல்லாத உறவு கிடையாது. மதினி ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "எம்புள்ள பள்ளிக்கூடம் முடிக்கிறதை நான் பாக்கணும். அறுத்தாத்தான் பாக்கலாம்னா அறுக்கட்டும்."

நானும் அண்ணனும் துணைக்குப் போனோம். இதயம் பிழைத்துக்கொண்டது. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் சரியாக இறங்கவில்லை. முகம் வீங்கிவிட்டது. டாக்டர்கள் நெஞ்சை விட்டுவிட்டுச் சிறுநீரைத்தான் அளந்து அளந்து பார்த்தார்கள். மெல்ல மெல்லத் தேறினார். வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர் சொன்னார்: "கிட்னி அடி வாங்கியிருக்கும்மா. பேதி உப்பு மட்டும் குடிச்சிடாதீங்க. அது மக்னீசியம். நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிடும், உங்க கிட்னி தள்ளாது. ரத்தத்துல ஏறினா இதயத்தையே நிறுத்திடும்."

அவர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் எங்கள் வீட்டில் சிக்கல் இருந்திருக்காது. எல்லா நோயும் வயிற்றில்தான் குடியிருக்கிறது என்பது என் அப்பாவின் தீர்மானம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பேதி நாள். அப்பாவே உப்பைக் கரைத்து, எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். அவரை எதிர்த்து அதுவரை யாரும் மூச்சுவிட்டதில்லை.

மதினி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பின் வந்த முதல் பேதி நாளில் அப்பா அவருக்கென்று தனியாக ஒரு டம்ளர் கரைத்தார், வழக்கத்தைவிடக் கெட்டியாக. "ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் வயித்துல கெடக்கும் தாயி. ஒரே மடக்குல குடிச்சிரு." மருமகள் மேல் அவ்வளவு பாசம் அவருக்கு.

நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "ஏலே, நீ எனக்குப் பாடம் நடத்துறியா?" என்றார். அண்ணன் மதினியின் பக்கம் குனிந்து, "செத்த நேரம் கையில வாங்கி வச்சுக்க" என்று கெஞ்சினார்.

மதினி டம்ளரை வாங்கினார். இன்னும் நடை தள்ளாடிய நிலையிலேயே கொல்லைப்பக்கம் போய், மல்லிகைச் செடியின் தூரில் அத்தனையையும் கொட்டினார். திரும்பி வந்து வெறும் டம்ளரை அப்பாவிடம் கொடுத்தார். "மாமா, உசுரக் கையில புடிச்சுக்கிட்டு வந்திருக்கேன். நீங்க குடுத்தாலும் குடிக்க மாட்டேன்."

அப்பா அன்று சாப்பிட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஊரே மதினியை ஏசியது. மதினி மூச்சு வாங்க வாங்கச் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலுக்கே போனார். "நான் செத்தா நீங்க அழுவீங்கள்ல மாமா? அந்த அழுகைக்குப் பதிலா இந்தச் சோத்தைத் தின்னுங்க." அப்பா தின்றார். அடுத்த பேதி நாளில் எல்லோருக்கும் கொடுத்த பிறகு, மதினியின் டம்ளரை அவரே எடுத்துப் போய்ச் செடியில் ஊற்றினார். அதன்பின் ஒரு மாதமும் தவறவில்லை.

இந்த வருஷம் தனலட்சுமி எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். மார்க்கெட்டில் எல்லோருக்கும் மதினி தன் கையால் மிட்டாய் கொடுத்தார், அந்தத் தரகருக்கும். பிறகுதான் இதயம் மறுபடி மக்கர் செய்தது.

காரியம் முடிந்த மறுநாள் பேதி நாளாக அமைந்தது. அதே உறவுக்காரர் அதே பேச்சை மறுபடி எடுத்தார். அப்பா உப்பைக் கலக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "நான் குடுத்ததைக் குடிச்சிருந்தா எம்மருமக அன்னைக்கே போயிருப்பா. என்னை எதுத்து நின்னுதான் இம்புட்டு வருஷம் இருந்தா. எம்பேத்தியப் படிக்க வச்சா. உனக்கு இன்னும் என்னலே பிரயோசனம் வேணும்?"

பிறகு ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார். தனலட்சுமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனாள். செடியில் ஊற்றும்போது அப்பா தேம்பித் தேம்பி அழுதார்.

போய் வாருங்கள், மதினி. நீங்கள் ஜெயித்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள்.