மூச்சு விடாத முனகல்

வடக்கு பிலடெல்பியாவில் ஓர்லீன் மேபினைத் தெரியாதவர்கள் குறைவு. வார நாளில் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுக்குத் தட்டு மக்ரோனியும் பீன்ஸும் அள்ளிப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடற்குழுவில் முன்வரிசை.

அந்தச் சர்ச்சில் ஜெபம் நடத்தும் மூப்பரான ஒவ்வொரு டீக்கனுக்கும் சொந்தமாக ஒரு முனகல் உண்டு. ஜெபத்துக்கு முன் வாயைத் திறக்காமல் எடுப்பது. சொல் கிடையாது, தாளம் கிடையாது; மூச்சு எவ்வளவோ அவ்வளவு. டீக்கன் இறந்தால், பெட்டியை மூடுமுன் அவர் பிள்ளை அதை ஒரே ஒரு தடவை எடுக்க வேண்டும். அப்புறம் யாரும் அதைத் தொடமாட்டார்கள். ஓர்லீனின் அப்பா ஹோசியாவும் டீக்கன். அவருக்கு அவள் ஒரே பிள்ளை.

அதே சர்ச்சில் வளர்ந்து பெரிய பாடகனான வெர்னல் டேட்ஸ், 1977-இல் தன் புது ஆல்பத்துக்குப் பின்பாட்டுப் பாட அவளைக் கூப்பிட்டான். அன்று காலைதான் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். ஸ்டுடியோவில் மைக்கைச் சரிபார்க்கச் சொன்னார்கள். வேறு யாராவது என்றால் ஒன்று, இரண்டு என்று எண்ணியிருப்பார்கள். இவள் கண்ணை மூடி, அப்பாவின் முனகலை எடுத்துவிட்டாள்.

டேப் ஓடிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. அவள் மூச்சு வாங்கிய இடங்களையெல்லாம் பிளேடால் நறுக்கி எறிந்து, மிச்சத்தை ஒட்டி, அடியில் டிரம்மை டும் டும் டும் டும் என்று விட்டார்கள். எட்டு நிமிஷம். மறு வருஷக் கோடையில் ஊர் ஊராக அதற்குத்தான் ஆட்டம்.

"மிஸ் ஓர்லீன், ஒரே ஒரு முனகல்! பீன்ஸை மிச்சம் வைக்காம தின்னுடறேன்!" என்று பிள்ளைகள் தட்டை நீட்டினார்கள்.

"தின்னுட்டுப் போடா, வாயாடி" என்று சிரித்தாள். அடுத்த தட்டுக்கு நிமிராமலே அள்ளிப் போட்டாள்.

வெர்னலைத் தேடிப் போய், "தம்பி, அதை மட்டும் பாட்டுலேர்ந்து எடுத்துடுப்பா" என்றாள்.

அவன் தலைகுனிந்தான். "அக்கா, எட்டு லட்சம் இசைத்தட்டு வித்துப் போச்சு. எந்த வீட்டுக் கதவைத் தட்டித் திருப்பிக் கேப்பேன்? டீக்கன் முனகல்னு எனக்குத் தெரியாதா? வேண்டாம்னுதான் சொன்னேன். கம்பெனிக்காரன் கேட்கலை."

அப்பா மறுபடி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரரின் ரேடியோவிலும் அதுதான். அப்பா காதைக் கொடுத்துக் கேட்டார்.

"யாரும்மா அது, என்னை மாதிரியே எடுக்கிறா? பாவம், மூச்சே விடமாட்டேங்கிறாளே. செத்துப்போயிடுவாளே."

"யாரோ, அப்பா" என்றாள். தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் வெளியே போய் நின்றாள்.

அக்டோபரில் அவர் போய்ச் சேர்ந்தார்.

சர்ச் நிறைந்திருந்தது. பாஸ்டர் தலையசைத்ததும் பெட்டியருகே நின்று முனகலை எடுத்தாள். முதல் இழுப்பு அப்பாவுடையதாகவே வந்தது. இரண்டாவதில், நிறுத்தி மூச்சு வாங்க வேண்டிய இடம் எங்கே என்று தேடினாள், கிடைக்கவில்லை. அப்போதுதான் மரத்தரையில் யாரோ செருப்பால் தாளம் போடுவது கேட்டது. டக், டக், டக், டக்.

சாவு வீட்டில் எவளுக்கு இந்தக் கொழுப்பு என்று பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தாள். எல்லாக் கால்களும் அசையாமல் இருந்தன. எல்லாக் கண்களும் அவள் வலது காலைப் பார்த்தன.

கையால் தொடையை அழுத்திப் பிடித்தாள். கால் நின்ற பிறகும் அந்தத் தாளம் தொண்டைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"பாஸ்டர், இன்னொரு தடவை..." என்றாள்.

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பெட்டிக்காரர்கள் மூடியைத் தூக்கினார்கள்.