திரை மூடிய வீட்டில் முகமூடி நடனம்

"மூச்சைக் கொஞ்சம் அந்தப் பக்கமா விடுங்க சார்" என்கிறார் பல் டாக்டர். பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிற மனிதருக்கு, வீட்டுக்கு வந்தால் அடுத்த வீட்டுக்காரனான என் மூச்சு ஆகவில்லை. மூச்சில் ஈரம் இருக்கிறதாம். காகிதத்துக்கு வயதாகிவிட்டதாம், தாங்காதாம்.

காகிதம் என்று அவர் சொல்வது பழைய பிரெஞ்சு அச்சுப் படங்களை. செப்புத் தகட்டில் கோடு கோடாகக் கீறி, மை தடவி எடுத்தவை. கூடத்தின் ஒரு சுவர் முழுக்க நையாண்டி: தொந்தி பெருத்த நீதிபதி, கொட்டாவி விடும் மந்திரி, நாடியை விட்டுவிட்டு நோயாளியின் பையைத் தடவும் வைத்தியர். எதிர்ச் சுவரில் கொண்டாட்டம்: வாணவேடிக்கை, முகமூடி நடனம், மேசை கொள்ளாத விருந்து. பல்லைக் குடையும்போது மாட்டுகிற பூதக்கண்ணாடியை இங்கேயும் மாட்டிக்கொண்டு, நீதிபதியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார். "எப்படி மானத்தை வாங்கியிருக்கான் பாருங்க."

சந்தையில் பல் பிடுங்கும் போலி வைத்தியன் படமும் ஒன்று உண்டு. நோயாளி அலறுகிறான், ஊரே கைகொட்டிச் சிரிக்கிறது. அது மட்டும் பீரோவுக்குள். "அதுல கோடு அவ்வளவு நேர்த்தியில்ல சார்" என்றார். எனக்கென்னவோ அதுதான் இருப்பதிலேயே நல்ல படமாகப் பட்டது. சொல்லவில்லை. என் கடைவாய்ப் பல் இன்னும் அவர் பொறுப்பில் இருக்கிறது.

வெயில் பட்டால் காகிதம் பழுப்பேறும் என்று திரைச்சீலையைத் திறக்க விடுவதில்லை. ஆவி பறக்கும் எதுவும் கூடத்துக்குள் வரக்கூடாது. விருந்தாளி என்றால் மூச்சும் சேர்ந்து வருமே, அதனால் அவர்களும் வேண்டாம்.

அவர் மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ், சமீபத்தில்தான் ஓய்வு பெற்றார். "கூட வேலை பார்த்தவங்க எல்லார் வீட்லயும் போய்ச் சாப்பிட்டிருக்கேன். ஒரு தடவையாவது அவங்களைக் கூப்பிட்டு உட்கார வெச்சுச் சாப்பாடு போடணும். வெக்கமா இருக்குங்க" என்று என் மனைவியிடம் அழுதிருக்கிறார். டாக்டர் பெரிய மனது பண்ணினார். "வரட்டும். சாப்பாட்டை ஆற வெச்சுக் கொண்டா. சத்தமாச் சிரிக்க வேணாம்னு சொல்லிடு, ஃபிரேம் கண்ணாடி அதிருது."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். விருந்துப் படத்துக்குக் கீழே, அரையிருட்டில், ஆறிப்போன சாப்பாட்டை எல்லோரும் கிசுகிசுத்தபடி சாப்பிட்டோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டோ எடுக்க வெளிச்சம் போதவில்லை என்று தலைமை நர்ஸ் எழுந்து திரைச்சீலையைச் சரக்கென்று விலக்கினார். கூடமெல்லாம் மத்தியான வெயில். எல்லோருமாகச் சேர்ந்து வாங்கி வந்த கம்பளிச் சால்வையை டாக்டர் மனைவியின் தோளில் போர்த்தினார். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நீங்களும் வந்து பக்கத்துல நில்லுங்க டாக்டர்" என்று கூப்பிட்டார்கள்.

டாக்டர் வேகமாக வந்தார். மனைவியின் தோளிலிருந்த சால்வையை உருவி, வெயில் விழுந்துகொண்டிருந்த முகமூடி நடனத்தின் மேல் பத்திரமாகப் போர்த்தினார்.