அவர் பயந்த ஒரே ஆள்

என் புருஷன் எதற்கும் பயப்படாதவர். தங்கச்சிமடத்தில் எங்கள் கல்யாணம் நடந்தபோது சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. காற்று எவ்வளவு அடித்தாலும் வத்தைப் படகைக் கடலில் இறக்கிவிடுவார். ஆனால் கோவிலில் இயேசு இருக்கும் நற்கருணைப் பேழைக்கு முன் முழந்தாளிட்டால் அவர் விரல்கள் நடுங்கும். முகம் புதுமாப்பிள்ளை முகம்போல ஆகிவிடும். அந்த முகத்தோடு அவர் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. பக்கத்துப் பெண்கள் "குடுத்துவச்சவ" என்பார்கள். எனக்கோ வயிறு எரியும்.

ஒரு புயலுக்குப் பிறகு என் அண்ணனும் இவரும் ஒன்றாகக் கடலுக்குப் போனபோது, அறுந்து மிதந்து வந்த வலை ஒன்று கிடைத்தது. அண்ணன் அதில் அடையாளம் போட்டிருந்த மிதப்புக்கட்டைகளை மாற்றித் தன் வலையோடு சேர்த்துக்கொண்டான். வலைக்காரர் தேடி வந்துவிட்டார். அண்ணனோ அது தன் வலைதான் என்று சாதித்தான். ஊர்ப் பெரியவர்கள், "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும், சிலுவையில பாடுபட்ட சுரூபத்தத் தொட்டுச் சத்தியம் பண்ணு. கூடப் போன ஒம் மச்சானும் பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். "மாப்ள, ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"நான் வாரேன் மச்சான். ஆனாப் பொய் சொல்லமாட்டேன்."

அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். அவன் போனதும் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். "எனக்காகச் செய்யக் கூடாதா?"

"ஒனக்காகக் கடல்ல குதிக்கச் சொல்லு, குதிக்கிறேன். சாமி முன்னால மட்டும் கேக்காத."

"அப்ப என்னவிட அவர்தான் பெருசா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா புள்ள."

வேறொரு பெண்ணின் பெயரைச் சொல்லியிருந்தால்கூட முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். இங்கே யாரை இழுத்துப் போட்டு அடிப்பது?

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறையக் கூட்டம். அண்ணன் சுரூபத்தின் பக்கம் கையை நீட்டினான். பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த இவரை ஒருமுறை பார்த்தான். பொய்யே சொல்லாத மனுஷன் அப்படி நடுங்கிக்கொண்டிருந்தார். நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது.

"வல என்னுதில்ல," என்றான் அண்ணன். பிறகு சின்னப் பிள்ளைபோல அழுதான்.

வெளியே வேப்பமரத்தடியில் இருவரும் ஒரே தீக்குச்சியில் பீடி பற்றவைத்துக்கொண்டார்கள். வலைக்காரரும் அவர்களோடு உட்கார்ந்துவிட்டார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். புருஷன்தான் சாமி பக்கம் போய்விட்டார் என்றிருந்தேன், கூடப்பிறந்தவனும் அந்தப் பக்கம் போய்விட்டானே என்றுதான் எரிந்தது.

கூட்டம் கலைந்ததும் தனியாக உள்ளே போனேன். முழந்தாளிடவில்லை. பீடத்துக்கு நேராக நின்று சொன்னேன்: "ரெண்டு பேரையும் எடுத்துக்கிட்டீரு. எனக்கு என்னத்த வச்சிருக்கீரு?"

என் குரல் கோவில் முழுக்கக் கேட்டது. யாரிடம் இப்படிப் பேசுகிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. சாமி அடிப்பார் என்ற பயமில்லை. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஒருவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டார் என்கிற பயம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது இவர் கேட்டார். "இம்புட்டு நேரம் அங்கன என்ன பண்ணுன?"

"சண்ட போட்டேன்."

"சாமிகிட்டயா?" அவர் கை தானாகச் சிலுவை போட்டது. "என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கேட்டுக்கிட்டு இருந்தாரு," என்றேன்.