ரத்தம் வராத ஈறு

என் மாமாவை எங்கள் தெருவே பல் டாக்டர் என்கிறது. நான் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன். காரணத்தை எழுதுகிறேன்.

ஈறு நோயை வகைப்படுத்த ஒரு முறை உண்டு. கோடு போட்ட மழுங்கிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் ஆழம் பார்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் வரை பயமில்லை. ஈறு மட்டும் வீங்கியிருந்தால் சரியாக்கிவிடலாம். எலும்பு கரைந்திருந்தால், எவ்வளவு என்று பார்த்து ஒன்று முதல் நான்கு வரை நிலை சொல்வார்கள். எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதற்குத் தனித் தரம்.

மாமாவின் கம்பி உறைகூடப் பிரிக்காமல் இழுப்பறையில் கிடந்தது. அவர் ஈறை விரலால் அமுக்குவார். ரத்தம் வந்தால் 'வீக்கம்', வராவிட்டால் 'ஆரோக்கியம்'. அவ்வளவுதான் அவருடைய மருத்துவம். அதை நோயாளியின் அட்டையில் எழுதிவிட்டுக் கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொள்வார்.

அப்பா பேண்டு குழுவில் டிரம்பெட் ஊதுபவர். நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட். முன்பற்கள் மெல்ல விலகி, ஊதும்போது காற்று தப்ப ஆரம்பித்தது. பல் போனால் அவருக்கு வேலையும் போகும். மாமாவிடம் போனார்.

"ஒரு சொட்டு ரத்தம் இல்ல மாப்ளே! ஈறு கல்லு மாதிரி இருக்கு."

"பல்லு ஆடுதே மச்சான்?"

"வயசானா நீங்களே ஆடுவீங்க, பல்லு ஆடாதா?"

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். அப்பா நம்பினார். இரண்டு வருடம் இப்படியே போனது.

கடைசியில் அம்மா அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன். அங்கே ஓர் இளம் டாக்டரம்மா கம்பியை இறக்கி, "ஏழு, எட்டு, எட்டு" என்று சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதினார். எக்ஸ்ரே எடுத்தார்கள்.

"நாலாவது நிலை. வேகமும் ஜாஸ்தி. சிகரெட் புடிக்கிறவங்களுக்கு ஈறுல ரத்தம் கம்மியாத்தான் வரும், நோய் உள்ளுக்குள்ள ஒளிஞ்சுக்கும். இதுவரைக்கும் யாருமே அளந்து பாக்கலையா?"

"பாத்தாங்கம்மா," என்றார் அப்பா. "விரலால."

அன்றே மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். முகத்தில் துளி வெட்கம் இல்லை.

"எனக்கு அப்பவே சந்தேகம்தான். போகட்டும், நான் அழகா பல்லு கட்டித் தரேன்."

"அண்ணே, அந்தப் பல்ல நீ கட்டிக்கிட்டு டிரம்பெட் ஊதிக் காட்டு. அப்புறம் பேசலாம்," என்றாள் அம்மா.

முன்பற்கள் நான்கும் போயின. குழுவில் இப்போது அப்பாவுக்குப் பெரிய டிரம். டிரம்பெட்டை வேறொருவர் ஊதுகிறார். முதல் நிகழ்ச்சியன்று மாமா முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக் கை தட்டினார்.