கம்ப்யூட்டரில் ஒரு தலைமடை

சென்ற வாரம் தஞ்சாவூரில் ஒரு லேப்டாப் வாங்கினேன். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததும் என் பெயரைக் கேட்டது, உடனே வேலைக்குத் தயாராகிவிட்டது. விண்டோஸ் உள்ளேயே இருக்கிறது, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். ஆனாலும் அது கிளம்பும்போது நான் கீழ்நோக்கிய அம்புக்குறி விசையின் மேல் விரலை வைத்துக் காத்திருந்தேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். சொன்னால் பெரிய கதை. உங்களுக்குச் சொல்லலாம்.

மன்னார்குடி வீட்டில் எங்கள் முதல் கம்ப்யூட்டர் கூடத்து ஜன்னலோரம் இருந்தது. அறுவடைக் காலத்தில் நெல் லாரிகள் கிளப்பும் தூசு அந்தப் பெட்டிக்குள் புகுந்து, சூடேறியதும் வறுத்த நெல் வாசனை வரும். பொரிக்கடையைத் தாண்டினால் எனக்கு இன்றும் கம்ப்யூட்டர் ஞாபகம்தான். மாதம் ஒருமுறை பெட்டியைக் கழற்றி பிரஷால் துடைப்பேன். கழற்றிய திருகுகளை வரிசை மாறாமல் தட்டில் வைப்பேன். தம்பி முரளி வேண்டுமென்றே ஒன்றை இடம் மாற்றிவிட்டு, எல்லாம் ஒரே திருகுதானே என்பான். அதுவும் உண்மைதான்.

பெட்டி எங்கள் இருவருக்கும் பொது. நான் உரக்கடை வேலை முடிந்து வந்து நாட்குறிப்பைத் தட்டச்சு செய்வேன். அவன் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பான்; நன்னிலம் வரை வாடிக்கை உண்டு. அவனுடைய மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். நானோ ஒரு மாத இதழோடு இலவசமாக வந்த சிடியில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸைப் பார்த்து மயங்கியவன். வீட்டுக்கு ஒன்று போதும் என்பதில் இருவருக்கும் சம்மதம். எது என்பதில்தான் தகராறு.

"ஓசியில வந்ததுக்கு இவ்வளவு பேச்சா?" என்றான்.

"ஓசி இல்லடா. வெத நெல்லு மாதிரி. யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்."

"வெத நெல்லுன்னா மொளைக்கணும்ல? ஒன் லினக்ஸ்ல பிரிண்டரே மொளைக்கலையே."

எங்கள் பிரிண்டரை அது கண்டுகொள்ளவே இல்லை. நான் குரலை உயர்த்தினேன். அவன் பேச்சையே நிறுத்திவிட்டான். ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அம்மா வழியாகப் பேசினோம். "என்னமோ ஸ்டார்ட்டாம், மறுபடி பண்ணனுமாம்" என்று அம்மா அவன் சொன்னதை என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பாள். எங்களுக்கு இது சிரிப்பாகக்கூட இருந்தது. அம்மாவுக்கு இல்லை. அப்பாவும் பெரியப்பாவும் நிலம் பிரித்தபோது இப்படித்தான் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு கடைசிவரை பேசவில்லை.

அம்மாதான் வழி சொன்னாள். "மூத்தவன் பங்கு வைக்கட்டும், எளையவன் எடுக்கட்டும். ஊர் வழக்கம் அதுதானே."

இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்க ஹார்ட் டிஸ்க்கை நேர் பாதியாகப் பிரித்தேன். என் வேலையில் இம்மி பிசகாது. திருட்டு சிடி கூடாது, விண்டோஸைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று அம்மா மூலம் நிபந்தனை சொல்லியனுப்பினேன்; முணுமுணுத்துக்கொண்டே வாங்கி வந்தான். அவன் முதல் பாதியை எடுத்தான், எனக்கு இரண்டாவது. மறுநாள் பெட்டியைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்தன. மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். பத்து விநாடிக்குள் யாரும் விசையைத் தொடாவிட்டால் மேலே இருப்பது தானாகத் திறக்கும்.

முரளி அதைப் பார்த்தான். பிறகு நேராக என்னிடமே பேசினான்.

"பங்கெல்லாம் சரிண்ணே. தலைமடைய ஒன் பக்கம் வச்சுக்கிட்டியே."

வாய்க்கால் தண்ணீர் முதலில் ஏறும் வயல்தான் தலைமடை. நிலம் சமமாக இருந்து என்ன, அங்கே நட்டு முடித்த பிறகுதான் அடுத்தவனுக்குத் தண்ணீர். அப்பாவும் பெரியப்பாவும் முறிந்ததும் அதில்தான். இவ்வளவு அளந்த எனக்கு அது தோன்றவே இல்லை. அடுப்படியிலிருந்து அம்மா வந்து நின்றாள். அவளுக்குத் திரை புரியாது. தலைமடை புரியும்.

"மொற வச்சுக்குங்க. வாரம் ஒருத்தன்" என்றாள்.

அதன்பின் வெள்ளிக்கிழமை தோறும் அந்த வரிகளை மேல் கீழாக மாற்றுவது என் வேலை. மாற்றிவிட்டாயா என்று காலையிலேயே கேட்பான். சிலநாள் நான் விசையைத் தொடப் போகும்போது பின்னாலிருந்து கையைப் பிடித்துக்கொள்வான். பத்து விநாடி கழிந்து அவனுடையது திறந்ததும் விடுவான். அம்மாவுக்குத் தூது வேலை போயிற்று.

பிறகு அவன் சிங்கப்பூர் போனான். போனது அவனுடைய வாரத்தில். அடுத்த வெள்ளிக்கிழமை முறை மாற்ற உட்கார்ந்தேன், மாற்றாமலேயே எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் கீழ் அம்புக்குறியைத் தட்டித்தான் என் லினக்ஸுக்குப் போவேன். காபி எடுக்கப் போய்த் தவறவிட்டால் விண்டோஸ் திறந்து, யாருடையதோ ஒரு கல்யாணப் பத்திரிகை பாதியில் நிற்கும்.

அந்தப் பெட்டி பழைய இரும்புக்காரரோடு போய்விட்டது. இரண்டு வரிகளும் பத்து விநாடியும் அதோடு போயின. லேப்டாப் வாங்கியதை முரளிக்குப் போனில் சொன்னேன்.

"எது வேணும்னு கேக்கவே இல்லையாண்ணே?"

"இல்லடா. நேரா ஒன் பக்கம்தான் போச்சு."

"அப்ப இந்த வாரமும் என் மொறதான்" என்று சிரித்தான்.

லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் மேசைமேல்தான் இருக்கிறது. பாதி பிரித்துப் போட அரைநாள் வேலை. பங்கு வைக்க நான் இருக்கிறேன். எடுக்கத்தான் ஆள் இல்லை.